வண்டிக்கு மூச்சு முட்டுகிறது என்றார்

போன வருடம் தை பிறந்து, கல்யாண முகூர்த்தங்கள் வரிசையாக வரத் தொடங்கிய நேரம். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டு வாசலில்தான் இது ஆரம்பித்தது. எப்போது முடிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மனதில் இன்னும் முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வாழை இலை வியாபாரம். கொள்ளிடக் கரைத் தோப்புகளில் இலை அறுத்து, கட்டுக் கட்டாகக் கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டுபோய்ப் போடுவார். அதற்கென்று ஒரு வண்டி. பழைய பெட்ரோல் பிக்கப். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்து வந்தார். அந்தத் தலைதீபாவளிக்கு எனக்கு ஒரு புடவை, அதற்கு நான்கு டயர். யாருக்கு அதிகம் செலவு செய்தார் என்று நான் சொல்லிக்காட்டாத தீபாவளி கிடையாது. அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அந்த வண்டியை அவர் கண்ணால் பார்த்து ஓட்டினார் என்பதைவிட, காதால் கேட்டு ஓட்டினார் என்பதுதான் சரி. பேசிக்கொண்டே வருவார். திடீரென்று பேச்சை நிறுத்தித் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "ரெண்டாவது பிளக் சரியில்ல" என்பார். நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் அது கறுத்துப்போய் இருக்கும். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். மார்க்கெட்டில் மற்ற வண்டிக்காரர்கள்கூட, "அண்ணே, நம்ம வண்டியக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்ட நாட்களில் வீட்டுக்கு வரும்போது அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அந்தக் காதுதான் இரண்டு வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. டிவி சத்தம் தெருமுனை வரை கேட்டது. அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு காது பெரும்பாலும் போய்விட்டது, இன்னொன்றும் குறைய ஆரம்பித்திருக்கிறது, மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வாங்கி வந்தோம். அந்தப் பெட்டியை அப்படியே பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"வண்டி பேசறது எனக்குக் கேக்குது. மனுஷங்க பேசறதுதான் கேக்கல. அதனால எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றார்.

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வண்டிச் சத்தம் காதில் விழுகிறவரைக்கும் தான் பழைய ஆள்தான் என்று ஒரு நம்பிக்கை. அது ஒன்றைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் வண்டியின் கார்புரேட்டர் போனது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சாமான் அது. இப்போது வருகிற வண்டிகளில் அது கிடையாது. எங்களுடையது தேய்ந்து ஆட்டம் கண்டு, பெட்ரோல் சொட்ட ஆரம்பித்திருந்தது. குளிக்கிற சோப்பை அப்பி அப்பிக் கொஞ்ச நாள் ஓட்டினார். நான் குளிக்கப் போனால் சோப்பு இருக்காது. கடைசியில் எங்கெங்கோ போன் போட்டு விசாரித்து, கோயம்புத்தூரில் ஒருவர் புதிது ஒன்றை பார்சலில் அனுப்பினார். அசல் இல்லை, அதே மாதிரி வேறு யாரோ செய்தது. அளவெல்லாம் பொருந்தும் என்று சொன்னார்களாம். பிரித்ததும் பளபளவென்று இருந்தது. புதுப்பாத்திரம் வாங்கினால் நான் எப்படித் தடவிப் பார்ப்பேனோ அப்படித் தடவிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வண்டிக்குப் புதிதாக எது வாங்கினாலும், அது ஒரு பல்பாக இருந்தால்கூட, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் காட்டிவிட்டுத்தான் மாட்டுவார். சந்தனம் அரைப்பது என் வேலை, பொட்டு வைப்பது அவர் வேலை. அன்றைக்கும் கல்லில் அரைத்துக் கொடுத்தேன். பழைய கார்புரேட்டரின் மூடியில், முன்பக்கம் தட்டையாக இருக்கும் ஓர் இடத்தில்தான் வருடா வருடம் பொட்டு வைப்பார். புதியதிலும் அதே இடத்தில் சந்தனத்தைக் கொழகொழவென்று அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கோபுரம் இருக்கும் திசை பார்த்துத் தூக்கிக் காட்டி, "ரங்கா, பாத்துக்க" என்றார். பிறகு மாட்டினார்.

வண்டி ஒரே திருகலில் கிளம்பிவிட்டது. அடுத்தது அதை டியூன் செய்கிற வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவைத் திருகி அளவு பார்க்க வேண்டும். மிதிக்கிற உத்தியோகம் எனக்கு.

"மிதி. விடு. நான் விடுன்னா மெதுவா விடணும், வெடுக்குனு எடுக்கக் கூடாது."

"சாம்பார் அடுப்புல இருக்குங்க."

"அது கொதிக்கட்டும். மிதி."

ஸ்க்ரூ திருகுகிற திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைத் தன் நல்ல காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஸ்க்ரூவைக் கால் திருகு உள்ளே விட்டார், அரைத் திருகு வெளியே எடுத்தார், மறுபடியும் கேட்டார். ஒரு கட்டத்தில் வண்டி அப்படியே அமைதியாகி, ஒரே சீராக உறுமியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. மேலாக வடித்து அதையே பரிமாறினேன்.

அன்று மதியம் காந்தி மார்க்கெட்டுக்கு இலை போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, அம்மா மண்டபம் ரோட்டில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. மறுநாளும் அப்படியேதான். வாசலில் நின்று உறுமும்போது ஒரு குறையும் இல்லை. ரோட்டில் வேகமெடுத்துக் கொஞ்ச தூரம் ஓடினால் இழுவை குறையும், திணறும், நின்றுவிடும். ஆற விட்டால் கிளம்பும்.

பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். டேங்க்கைக் கழற்றிக் கழுவினார். ரப்பர் குழாய்களைப் புதிதாகப் போட்டார். பிளக் மாற்றினார். அந்த ஸ்க்ரூவை எத்தனை முறை திருகினார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் வாசலில் சரியாகி, ரோட்டில் நின்றது.

"பெட்ரோல் கோளாறு இல்ல. இதுக்கு மூச்சு முட்டுது. காத்துக்குத் தவிக்குது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். காற்று வடிகட்டியையும் கழற்றிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. மூச்சு முட்டுகிறது என்று சொல்லத் தெரிந்ததே தவிர, எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பால்பண்ணைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நாற்பது வயது இருக்கும், தங்கமான மனிதர். இந்தக் காலத்திலும் கார்புரேட்டரில் கை வைக்கத் தெரிந்தவர். ஒரு சுற்று ஓட்டி, வண்டி நின்றதும் அங்கேயே மூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினார். என் வீட்டுக்காரர் குனிந்து காதை வைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"கேட்டியா? உஸ்ஸுன்னு ஒரு சத்தம். காத்தை உள்ள இழுக்குது. கேட்டியா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக்கைப் பார்த்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார். ரோட்டில் பஸ் போகிற சத்தத்தில் எங்களுக்கு எங்கே கேட்கப் போகிறது?

மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே பெட்ரோல் தங்கும் கிண்ணம் கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. "பாருங்கக்கா, பெட்ரோல்தான் எறங்கல" என்றார் மெக்கானிக். எல்லாத் துவாரங்களையும் காற்றடித்துச் சுத்தம் செய்தார். பெட்ரோல் நனைத்த துணியால் மொத்தத்தையும் துடைத்தார். மூடியின் மேல் காய்ந்து இறுகிப்போயிருந்த பொட்டை மட்டும் சுற்றி வளைத்துத் துடைத்தார். "சாமிக்கு வச்சதுல நான் கை வைக்கலக்கா" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. திரும்ப மாட்டியபோது, இந்த முறையாவது நிற்காமல் ஓட வேண்டும் என்று நான் புதிதாகச் சந்தனம் அரைத்து எடுத்து வந்தேன். பழைய பொட்டின் மேலேயே புதியதை வைத்தார் இவர். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தது. வண்டி நிற்க நிற்க, சந்தனம் ஏறிக்கொண்டே போனது.

பெட்ரோல் இறங்கவில்லை என்று கண்ட பிறகு, அதை டேங்க்கிலிருந்து தள்ளுகிற பம்ப்பையும் மாற்றினார் மெக்கானிக். தன் காதுக்குப் பட்ட மாதிரி ஸ்க்ரூவையும் வைத்துப் பார்த்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. வீட்டு வாசலில் டீயைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்:

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது டூப்ளிகேட்டு சாமான். ரொம்பத் துல்லியமா டியூன் பண்ணினாத்தான் நிக்கும். உங்களுக்கு இப்ப காது முன்ன மாதிரி இல்லைங்கறீங்க. இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுங்கறீங்க. நம்மளால முடியாதுண்ணே, விட்டுருங்க."

என் வீட்டுக்காரர் சரி என்பதுபோல் தலையாட்டினார். அவருக்கு அது காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, "இல்லாத சத்தம் கேக்குமா காதுக்கு?" என்று கேட்டார். விழுந்திருக்கிறது.

வைகாசியில் தில்லை நகர் மண்டபம் ஒன்றில் பெரிய கல்யாணம். ஸ்ரீரங்கத்துச் சமையல் கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்திருந்தார். வருடக்கணக்காக எங்களிடம்தான் அவர் இலை வாங்குவார். வண்டி நம்பிக்கையில்லை, குட்டி யானை லோடு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து அனுப்பிவிடுங்கள் என்று நான் சொன்னேன். முந்தின நாள் பூராவும் வாசலிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்திருந்தார், நிற்கவில்லை. "இன்னிக்கு ஓடும்" என்றார். மனசு கேட்காமல் நானும் ஏறி உட்கார்ந்தேன்.

பொழுது விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் வண்டி திணற ஆரம்பித்தது. கியரைக் குறைத்தார், சோக்கை இழுத்தார், வண்டியோடு பேசினார், கெஞ்சினார். நின்றுவிட்டது.

அந்தப் பாலத்தில் ஒரு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் டவுன் பஸ், அதன் பின்னால் பள்ளிக்கூட வேன், ஆட்டோ என்று ஸ்ரீரங்கம் பக்கம் வரைக்கும் அடைத்துக்கொண்டது. ஹாரன் சத்தத்தில் எனக்குத் தலை வெடித்தது. அவர் பானெட்டைத் திறந்து குனிந்து நின்றார். திருப்புளி கைதவறிக் கீழே விழுந்தது. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து, எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்று என்னைக் கேட்டார் இவர்.

"ஒண்ணுமில்லைங்க. ஓரமாத் தள்ளலாமான்னு கேக்கறார்."

பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். கான்ட்ராக்டரின் போனை நான்தான் எடுத்தேன். "இலை இல்லாம நான் எப்படிம்மா பந்தி போடறது? சம்பந்தியாத்துக்காரா எல்லாரும் வந்து காத்துண்டிருக்கா. மானம் போறதும்மா எனக்கு" என்றார். அவர் கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுகிற குரலில் பேசினார். அவரே ஒரு குட்டி யானையை அனுப்பினார். அவசர அவசரமாகக் கட்டுகளை மாற்றியதில் பாதி இலை கிழிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கட்டைக்கூடத் தூக்கவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காவிரியைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர் இல்லை, வெறும் மணல்.

எல்லாரும் போன பிறகு, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது. ஒரு குறையும் இல்லாமல், ஜம்மென்று உறுமியது. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருப்பி அவரே அணைத்தார்.

"எனக்குத்தான் கேக்கல போல" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்துவிட்டேன். அந்த மனிதர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. குறை சொல்ல முடியாது. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் எங்களிடம் இலை வாங்குவதை நிறுத்தினார்கள். சென்னையில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். "ஆனியில வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்கு வேற காட்டணும். அதுக்கு வேற செலவு பண்ணாதீங்கம்மா. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, காதும் கேக்கல. எங்கயாவது மோதிட்டா என்ன பண்றது? வித்துடச் சொல்லு" என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் பக்கத்தில்தான் இருந்தார். மகன் சொன்னதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியாக எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. காயலான் கடைக்குத்தான் போனது. அவர்கள் வருவதற்கு முன்னால், அந்தக் கார்புரேட்டரை மட்டும் கழற்றி, ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்து வைத்தார். "புதுசு. யாருக்காவது ஆகும்" என்றார். கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனபோது அவர் வாசலுக்கு வரவில்லை. நான் நின்று பார்த்தேன். எந்நேரமும் அதைக் கரித்துக்கொட்டியவள், தெரு திரும்புகிறவரை நின்று அழுதேன். உள்ளே வந்தால், அவர் பீரோவைத் திறந்து, காது மிஷின் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமல் தானே எடுத்து மாட்டிக்கொண்டார்.

இத்தனை நாள் நான் மன்றாடியது அதற்குத்தான். மாட்டிக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் டிவி மெதுவாகப் பாடியது. குக்கர் சத்தம் போட்டால் அவரே எழுந்துபோய் அணைத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரே கூப்பிடலில் வந்தார். அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. சண்டைக்கு இழுத்தாலும் வரமாட்டார். ரோட்டில் ஏதாவது வண்டி முக்கிக்கொண்டு போனால், முன்பெல்லாம் தலையைச் சாய்ப்பார். இப்போது ஜன்னலைச் சாத்தினார். தோப்புக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. நான் இரண்டு வீட்டில் சமையலுக்குப் போக ஆரம்பித்தேன். ராத்திரி அவர் தூங்குகிறாரா என்று பார்ப்பேன். தூங்கமாட்டார். மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனிதர் இப்படியே போய்விடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் அரிவாள்மனை, இலை அறுக்கிற கத்தி, ஸ்பேனர் செட் எல்லாவற்றையும் கிணற்றடியில் எடுத்துப் போட்டேன்.

"வண்டியே இல்ல, எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

"இலை அறுத்த கத்தி இருக்குல்ல? ஸ்பேனர் இருக்குல்ல? அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வேட்டித் துணி மூட்டையும் கண்ணில் பட்டது. எடுத்துப் பிரித்தேன். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பழைய பொட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதிதாக வைப்போம். மற்ற நாளில் அதைச் சுரண்ட மாட்டோம், பாவம். கார்புரேட்டர் மூடியில் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து, ஓடு மாதிரி கெட்டியாக இருந்தது. தண்ணீரில் ஊற வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். ஓடு பெயர்ந்து வந்தது.

அதற்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. ஓட்டை முழுக்கச் சந்தனம் அடைத்திருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். உள்ளே கிண்ணம் வரைக்கும் போனது. அப்போதுதான் சுரீரென்றது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. மறுபக்கம் இன்னொரு ஓட்டை போட்டு, காற்று நுழைய வழி விட்டால்தான் வரும். இது சமையல்கட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிண்ணத்துக்குக் காற்று போகிற ஓட்டை அது. அதை அடைத்துவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மூச்சு முட்டி நின்றுவிடும். ஆற விட்டால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து நுழையும், மறுபடி கிளம்பும். மூடியைத் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்றை இழுக்கும்.

அந்த உஸ் சத்தம் அவருக்குக் கேட்டது. நல்ல காது இருந்த எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் அவர் காதுமேல் இருந்த பழி போகும். ஆனால் வழியை அடைத்தது அவர் கையே என்று தெரிந்துவிடும், அரைத்துக் கொடுத்தது நான் என்றும். வண்டியும் இல்லை. ஊக்கால் நோண்டி நோண்டி ஓட்டையைச் சுத்தமாக எடுத்தேன். கழுவினேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பாதி உண்மையை மட்டும் சொல்வது என்று அவரிடம் போனேன்.

"இங்க பாருங்க. இந்த ஓட்டைல அழுக்கு அடைச்சிருந்துச்சு. நீங்க சொன்னதுதான் சரி. காத்துதான் போகல. உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழசுல இந்த எடத்துல ஓட்டை கிடையாது. உள்பக்கமா இருக்கும்" என்றார். வாயை வைத்து ஊதினார். மூடியின் அடியில் விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அவர் முகம் ஒரு நொடி பழைய முகமாக மாறியதை நான் பார்த்தேன்.

"அழுக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஓட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகர்ந்து பார்த்தார்.

"நீ எப்பவுமே மையா அரைப்ப" என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை. "அந்த வண்டிய இந்நேரம் அறுத்துப் போட்டிருப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். அறுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சமையலுக்குப் போகிற வழியில் அந்தக் காயலான் கடையைத் தாண்டித்தான் போகிறேன்.

மறுநாள் பூஜையில் கத்தி, ஸ்பேனர், கார்புரேட்டர் எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக வைத்துச் சந்தனக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. நீயே வை என்று கையைக் காட்டினார். கார்புரேட்டருக்கு ஓட்டையைத் தவிர்த்து ஓரமாக வைத்தேன். அவர் காதிலிருந்து மிஷினைக் கழற்றி, அந்த வரிசையின் கடைசியில் வைத்தார்.

"இதுக்கும் வை. பாத்து வை, இதுலயும் ஓட்டை இருக்கும்."

சிரித்தாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. மிஷின் இல்லாத காதோடு வாசலுக்குப் போய், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

இன்றும் எதற்காவது பொட்டு வைக்கும் முன் என் விரல் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறது. வெறுத்தோ அலட்சியமாகவோ வைத்திருந்தால் மறந்திருப்பேன், நாங்கள் ஆசை ஆசையாக அல்லவா வைத்தோம், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.